நோயும் நாவடக்கமும்

நோயுற்றவர் மருத்துவரிடம் தம் உடலை மட்டும் காட்டுவதில்லை. தம் வாழ்வையும் திறந்து காட்டுகிறார். உற்றாரிடமும் உரைக்காத செய்தியை அறிமுகமற்ற ஒருவரிடம் உரைக்கிறார். சொன்ன சொல் அவ்வறையைத் தாண்டாது என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். அந்நம்பிக்கையைப் பேணுவதே மறைகாத்தல் ஆகும். 'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், 'புறங்கூறாமை'க்கும் தனி அதிகாரம் வகுத்துள்ளார். மருத்துவப் பணியில் இவ்விரண்டும் இணைந்தே நிற்க வேண்டும்.

வீடு தேடி வரும் மருத்துவம்

தென்காசி மாவட்டம் ஆலங்குளம் வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குப் பீடி சுற்றுவதே வாழ்வாதாரம். பெண்கள் வாசலில் ஒன்றுகூடி, மடியில் தட்டை வைத்துப் பேசிக்கொண்டே இலை சுருட்டுவர். இத்தகைய தெருக்களுக்கும் மருத்துவத்தைக் கொண்டு செல்வதே 2021ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் நோக்கமாகும். இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீட்டிற்கே கொண்டுவந்து தருகின்றனர்.

தன்னார்வலர் அவ்வட்டாரத்துப் பெண்ணாக இருப்பது இத்திட்டத்தின் வலிமை. அதுவே சோதனையும் ஆகும். "மதினி, அந்த வீட்டுல யாருக்கு மாத்திரை?" என்று அண்டை வீட்டார் இயல்பாகக் கேட்கக்கூடும். அதற்கு விடை கூறாமல் நகர்வதும் மருத்துவப் பணியின் ஒரு பகுதியே.

வெளிப்பட்டால் விளைவது

காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதங்கள் தொடர்ந்து மருந்து உட்கொள்ள வேண்டும். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி ஒருவர் இடையில் நிறுத்தினால் நோய் முற்றும். கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாத நிலையும் உருவாகலாம். அந்நோய் பிறருக்கும் பரவும். எனவே, ஒருவருடைய மறையைக் காப்பது ஊரையே காப்பதாகிறது.

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வால், இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது. பின்னர் அத்தொற்றுடையோர் பலர் பணியிடத்திலும் பள்ளியிலும் புறக்கணிப்பைச் சந்தித்தனர். இத்தகைய கொடுமைகளைத் தடுக்க 2017இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் தொற்று நிலையை அவர்தம் இசைவின்றி வெளியிடலாகாது என்பது அதன் பொதுவிதி. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24இல் தீர்ப்பளித்தது.

விதியும் விலக்கும்

மறைகாத்தலுக்கு எல்லையும் உண்டு. காசநோயாளர் குறித்த விவரத்தை மருத்துவர் நலவாழ்வுத் துறைக்கு அறிவித்தாக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றுடையவரால் அவருடைய வாழ்க்கைத்துணைக்குத் தீங்கு நேரும் நிலையில், உரிய ஆற்றுப்படுத்தலுக்குப் பின், சட்டம் கூறும் முறைப்படி துணைவருக்கு மருத்துவர் தெரிவிக்கலாம். அறியவேண்டியவர்க்கு அறிவிப்பது கடமை. அறிய விழைவோர்க்கெல்லாம் உரைப்பது பிழை.

நம் கடமை

நோயாளியின் பெயரையும் நோயையும் பலர் முன் கூவி அழைத்தல், பதிவேட்டைத் திறந்தபடி வைத்தல், மருந்துச்சீட்டைப் படமெடுத்துப் புலனக் குழுவில் பகிர்தல் ஆகியவை தவிர்க்கத்தக்கன. பாட்டியுடன் மருத்துவமனைக்குச் செல்லும் மாணவருக்கும் இவ்வறம் உரியதே. அங்கே கேட்டதைத் தெருவிற்குக் கொண்டு வராத நாவும் நோய் தீர்க்கும் மருந்தாகும்.