சிறுகதைக்குக் குறிப்புரை எழுதும் நெறி: 'பொன்னகரம்' வழி ஒரு விளக்கம்

முன்னுரை

செய்யுளுக்கு உரை காணும் மரபு தமிழில் நெடியது. சிறுகதைக்கு அத்தகைய குறிப்புரை எழுதும் வழக்கம் குறைவு. 'முரண்', 'வறுமை' என ஓரத்தில் குறிப்பதோடு பணி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உத்தியின் பெயரைச் சுட்டுவது மட்டும் குறிப்புரை ஆகாது. அவ்வுத்தி கதையின் மையப்பொருளை எவ்வாறு ஆக்குகிறது எனக் காட்டுதல் வேண்டும். 1934இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' வழி இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

சொற்குறிப்பு

மில் கூலியான அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் ஜட்கா வண்டிக்காரக் கணவனுக்குப் பால் கஞ்சி வார்ப்பதற்காக, இருளில் ஒருவனோடு சென்று முக்கால் ரூபாய் ஈட்டுகிறாள். ரூபாய்க்கு 16 அணா என்பது 1957 வரை இருந்த கணக்கு. ஆகவே இத்தொகை 12 அணா. குறிப்பு இவ்வளவில் நின்றால் அது அகராதிப் பொருளே. தொகையைத் துல்லியமாகக் கூறும் கதைசொல்லி, அம்மாளுவின் மனநிலையைக் கூறாது விடுகிறார் என்பதையும் சேர்க்கும்போதே அது உத்திக் குறிப்பாகிறது.

எச்சொல்லுக்குக் குறிப்பு வேண்டும் என்பது படிப்போரைப் பொறுத்தது. வள்ளூர் அனல்மின் நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களில் வளர்ந்த மாணவர்க்குக் கூலி வாழ்வு விளக்கம் வேண்டாதது. ஜட்காவும் அணாவும் விளக்கம் வேண்டுபவை.

பின்புலக் குறிப்பு

வடசென்னையின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள், 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் ஆகியவை அக்கால மில் வாழ்வை அறிய உதவும். ஆயின், அவை பின்புலமே எனக் குறித்தல் கடன். 'பொன்னகரம்' வடசென்னையே எனத் துணிந்து எழுதுவது, மூலத்தில் இல்லாததை மூலத்தின்மேல் ஏற்றுவதாகும்.

உத்திக் குறிப்பு

அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது எனத் தொல்காப்பியர் இரண்டாக வகுப்பார். சேரிக்குப் பொன்னகரம் எனப் பெயரிட்டது கரந்த அங்கதம். கற்பு பற்றிப் பேசுவோரை நேரே விளிக்கும் இறுதி, செம்பொருள் அங்கதம். முன்னதிலிருந்து பின்னதற்குக் கதை திரும்பும் இடம் அந்த முக்கால் ரூபாய். தலைப்பையும் முடிவையும் தனித்தனியே குறிப்பவர் இத்திருப்பத்தைத் தவறவிடுவர்.

மையப்பொருட் குறிப்பு

'வறுமை' என்ற ஒரு சொல் இக்கதைக்குப் போதாது. 'கற்பிழந்த பெண்ணின் கதை' என்று எழுதுவதோ பெரும்பிழை. கதை எவரை நோக்கி வினவுகிறதோ அவர்தம் தரப்பிலேயே குறிப்புரையாளரை அது நிறுத்திவிடும். பசியை அறியாதோர் வகுத்த அறம் பசித்தோரை அளக்கத் தகுமா என்னும் வினாவே இக்கதையின் மையம்.

முடிவுரை

மூலபாடத்தைத் தெளிதல், சொல்லை விளக்கல், பின்புலத்தை மூலத்தினின்று பிரித்துக் காட்டல், உத்தியைப் பொருளோடு இணைத்தல் என்பன குறிப்புரையின் படிகள். முதற்படிக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் புதுமைப்பித்தன் கதைகள் செம்பதிப்பு துணைநிற்கும். இவ்வரிசை பிறழின், குறிப்புரை கதையை விளக்குவதற்கு மாறாக அதன்மீது தீர்ப்பெழுதுவதாக முடியும்.