கூப்பன் இல்லாத காரை அதிகாரி எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூ வாங்க, துணி எடுக்க வருகிறவர்கள் முன்பெல்லாம் கூப்பனைச் சுரண்டி, கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கடைக்குள் போவார்கள். அமலாக்க அதிகாரி குனிந்து பார்த்தால் போதும். இப்போது சிலாங்கூரில் செயலி வந்துவிட்டது. கண்ணாடியில் பார்க்க ஒன்றுமில்லை. பிறகு கட்டியவர் யார், கட்டாதவர் யார் என்று அவருக்கு எப்படித் தெரிகிறது? பெரியவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது.

விடை காரின் பதிவு எண்ணில் இருக்கிறது. ஸ்மார்ட் சிலாங்கூர் பார்க்கிங் போன்ற செயலியில் பணம் கட்டியதும் எந்த எண், எந்த ஊராட்சி மன்றம், எத்தனை மணி வரை என்ற விவரம் பதிவாகிவிடும். அதிகாரியின் கைக்கருவி பார்ப்பதும் அதே பதிவைத்தான். எண்ணைத் தட்டினால், நேரம் மிச்சமிருக்கிறதா என்று காட்டும். சில இடங்களில் கேமராவே எண்ணைப் படித்துவிடுகிறது. பதிவு இல்லையென்றால் அபராத நோட்டீஸ்தான்.

ஆகவே, கருவிக்கு எண் மட்டுமே தெரியும்; ஆளைத் தெரியாது. தொல்லையும் வசதியும் இதில்தான்.

ஓர் இலக்கம் தவறினால், கட்டிய பணம் வேறொருவர் காருக்குப் போய்விடும். நம் நாட்டுப் பதிவு எண்களில், சில சிறப்பு எண்கள் தவிர, ஆங்கில 'ஓ', 'ஐ' எழுத்துகள் வருவதில்லை. வட்டமாகத் தெரிவது சுழியம், கோடாகத் தெரிவது ஒன்று. இது நினைவிலிருந்தால் பாதித் தவறு குறையும். பெட்டாலிங் ஜெயாவில் காரை நிறுத்திவிட்டு, சுபாங் ஜெயாவைத் தேர்ந்தெடுத்துக் கட்டுவது இன்னொரு வகைத் தவறு.

வசதி என்னவென்றால், கட்டுபவர் காருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. திறன்பேசி இல்லாத அப்பா தோட்டத்திலிருந்து கிளினிக்கிற்கு வந்தால், கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் அங்கிருந்தே அந்த எண்ணுக்குக் கட்டலாம். அப்பா ஒரு போன் போட்டு இடத்தையும் நேரத்தையும் சொன்னால் போதும். நேரம் முடியப்போகும் அறிவிப்பு மகனின் கைப்பேசிக்குத்தான் வரும். டாக்டரைப் பார்க்கத் தாமதமானால் மறுபடியும் அப்பாதான் அழைக்க வேண்டும். பிள்ளைகள் இதை வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம். அபராதத்தைவிட அது மலிவு.

சிங்கப்பூரில் 2017 அக்டோபரில் அறிமுகமான பார்க்கிங்.எஸ்ஜி செயலியில், சீக்கிரம் புறப்பட்டால் மிச்ச நிமிடங்களுக்கான பணம் திரும்பக் கிடைக்கிறது. மருத்துவமனை வரிசையில் எவ்வளவு நேரமாகும் என்று தெரியாதவர்களுக்கு இதுவே நியாயமான ஏற்பாடு. இங்கும் எல்லா ஊர்களிலும் அது வர வேண்டும்.

பணம் கட்டியும் நோட்டீஸ் வந்தால் அதைக் கிழித்துப்போட வேண்டாம். செயலியில் உள்ள கட்டண விவரத்தைப் படமெடுத்து, நோட்டீஸுடன் ஊராட்சி மன்ற முகப்பிடத்தில் காட்டி முறையிடலாம். நோட்டீஸில் உள்ள நேரத்தையும் கட்டிய நேரத்தையும் முதலில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.