எறும்பு வேஷம் போடும் சிலந்தி!

குட்டீஸ், எறும்புக்கு எத்தனை கால்? ஆறு. சிலந்திக்கு? எட்டு. இந்தக் கணக்கு தெரிந்தால் போதும், ஒரு வேஷதாரியைப் பிடித்துவிடலாம்!

மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பைப் பார்த்திருப்பீர்கள். முசுறு என்போம். கூட்டைத் தொட்டால் கூட்டமாக வந்து கடிக்கும். கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். அதனால் பல பூச்சிகளும் பறவைகளும் அதன் பக்கமே வருவதில்லை. இந்தப் பயத்தைத்தான் ஒரு சிலந்தி தனக்குப் பாதுகாப்பாக்கிக்கொண்டது.

அது தாவும் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். நிறம் முசுறுவின் அதே செம்பழுப்பு. எறும்பின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி. சிலந்திக்கு இரண்டே பகுதி. இந்தச் சிலந்திக்கோ முன்பகுதி நடுவில் ஒடுங்கியிருப்பதால், பார்ப்பதற்கு மூன்றாகத் தோன்றும். எறும்பின் கண் போலத் தலையின் இருபுறமும் கரும்புள்ளி வேறு! உணர்கொம்பு கிடையாதே, என்ன செய்யும்? முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும். தாவும் குடும்பத்தில் பிறந்தும் அதிகம் தாவுவதில்லை. முசுறு எங்காவது தாவுமா?

ஆண் சிலந்தியின் தாடைகள் மிக நீளம். மற்ற ஆண்களோடு சண்டை போட அவை உதவும். தூரத்திலிருந்து பார்த்தால் ஓர் எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிப் போவது போலவே இருக்கும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வாயில் சுமை உள்ள எறும்பால் கடிக்க முடியாதல்லவா? எறும்பு தின்னும் வேறு சில சிலந்திகள் அப்படிப்பட்ட எறும்பைத்தான் தேடிப் பிடிக்கும். பாவம், ஆண் மாட்டிக்கொள்ளும்!

இலங்கையில் கிடைத்த இச்சிலந்தியை 1869-இல் விவரித்துப் பெயரிட்டவர், ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். இன்று இதன் பெயர் மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டஸ். வாயில் நுழையவில்லையா? 'பிளாட்டலியா' என்பது கரண்டிவாயன் பறவையின் அறிவியல் பெயர். ஆணின் நீண்ட தாடையைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்பீர்கள். இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்கு ஆசியக் காடுகள் வரை, முசுறு வாழும் மரங்களில் இதுவும் வாழ்கிறது.

கிருஷ்ணன்கோவிலுக்கு மேற்கே தெரியும் மலைக்காடு 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அங்கே புலியைப் பார்ப்பது அபூர்வம். இந்தச் சிலந்தியைத் தேட ஒரு மாந்தோப்பு போதும்! கூட்டத்தோடு ஒட்டாமல் ஓரமாகத் திரியும் 'எறும்பை'க் கவனியுங்கள். முசுறுவிடம் சிக்கினால் அதற்கும் ஆபத்து என்பதால், எறும்பு எதிரே வந்தால் ஒதுங்கிவிடும். மிரண்டால் மெல்லிய நூலில் சட்டென்று கீழே இறங்கித் தொங்கும். கூட்டை மட்டும் ஆட்டிவிடாதீர்கள், கடி வாங்கப்போவது நீங்கள்தான்!