பால்காரர் காய்ச்சிய பீரும் பலசரக்குக் கடைக்காரரும்

மது அருந்தும்படி யாருக்கும் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் மாநிலத்தில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நம் கடைகளுக்கும் அந்தச் சரக்குக்கும் தொடர்பில்லை. ஆனாலும் பெங்களூரில் ஒரு சிறு பீர் ஆலையில் நண்பர்களோடு கழித்த ஒரு மாலைப் பொழுது, கல்லாவில் உட்காரும் நம் ஒவ்வொருவருக்கும் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

கொள்முதல் விஷயமாக யஷ்வந்த்பூர் மார்க்கெட் யார்டுக்குப் போயிருந்தோம். நாங்கள் மூவர். நாற்பது ஆண்டுகளாக மல்லி, வற்றல் வியாபாரம் செய்யும் விருதுநகர் அண்ணாச்சி, பெங்களூரிலேயே பருப்பு மொத்த வியாபாரம் பார்க்கும் நண்பர், அப்புறம் நான். வேலை முடிந்ததும் பெங்களூர் நண்பர், "அண்ணாச்சி, இங்கே ஓட்டலுக்குள்ளேயே பீர் காய்ச்சி விற்கிறார்கள். நீங்கள் குடிக்க வேண்டாம், தொழிலை மட்டும் வந்து பாருங்கள்" என்று அழைத்தார். அண்ணாச்சி குடிப்பவரல்லர். "முகர்ந்து பார்க்கலாம் அல்லவா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறினார்.

நான்கே சரக்கு

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் செம்பும் எவர்சில்வருமாகப் பெரிய கொப்பரைகள். காய்ச்சுகிற இளைஞர் கோலார் பக்கத்துக்காரர். நன்றாகத் தமிழ் பேசினார். தண்ணீர், பார்லி மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் என்று நான்கே சரக்கில் தொழில் நடக்கிறது என்றார். பார்லியை ஊற வைத்து, முளை விட்டதும் சூட்டில் உலர்த்தினால் மால்ட். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவாக்கி விற்கிறோமே, ஏறக்குறைய அதே முறைதான். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் காய்ந்த பூ. கசப்பும் மணமும் தருவதோடு, சரக்கு கெடாமலும் காக்கும்.

மால்ட்டை நொறுங்க அரைத்து வெந்நீரில் ஊற வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறித் தண்ணீரில் இறங்குகிறது. அதை வடித்து, ஹாப்ஸ் சேர்த்து ஒரு மணி நேரம் போலக் கொதிக்கவிட்டு, ஆறிய பின் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். மிஞ்சும் சக்கை மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. "நம் பிண்ணாக்கு மாதிரி" என்றார் அண்ணாச்சி. எதையும் வீணாக்காத தொழில் என்றதும் அவருக்கு மரியாதை வந்துவிட்டது.

ஏமாந்த மூக்கும் ஏமாறாத மூக்கும்

மரத்தட்டில் நான்கு சிறு குவளைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் நூறு மில்லி இருக்கும். இலேசானதில் தொடங்கிக் கடுமையானதில் முடிக்க வேண்டும். நடுவில் தண்ணீர் குடித்து நாக்கைக் கழுவ வேண்டும். முதலில் நிறம், பிறகு மணம், கடைசியில்தான் ருசி. நாம் நெய் வாங்கும்போது செய்வதும் இதுதானே!

முதல் குவளை ஜெர்மானிய முறைக் கோதுமை பீர். அண்ணாச்சி முகர்ந்ததுமே, "கிராம்பு போட்டிருக்கிறீர்கள். வாழைப்பழ வாசனையும் வருகிறது" என்றார். இளைஞர் சிரித்தார். "இரண்டும் போடவில்லை ஐயா. இந்த வகை ஈஸ்ட் நுரைக்கும்போது தானாக உண்டாகும் மணம்." நாற்பது ஆண்டு மூக்கு ஏமாந்ததில் அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது.

இரண்டாவது, வெளிறிக் கலங்கலாக இருந்த வெள்ளை பீர். இம்முறை இரண்டு தடவை முகர்ந்தார். "இதையும் ஈஸ்ட் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. இது மல்லி." இளைஞர் கைகூப்பினார். மல்லியும் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் சேர்த்ததுதான் அது. மணம் ஆவியோடு போய்விடாதபடி, கொதி முடியும் நேரத்தில் போடுவார்களாம். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ போதுமாம்.

"எங்கே வாங்குகிறீர்கள்?" என்று அண்ணாச்சி உடனே கேட்டார். வியாபாரி அல்லவா!

"பக்கத்துத் தெருக் கடையில்தான் ஐயா. பெரிய இடத்தில் விலை குறைவு. ஆனால் இவர் மூட்டையைப் பிரித்துக் கையில் கொடுப்பார். தேய்த்து முகர்ந்து பார்த்து வாங்குவேன். சரக்கு பழசாகியிருந்தால், 'இது வேண்டாம், புது மூட்டை வரட்டும்' என்று அவரே சொல்லிவிடுவார்."

மூன்றாவது, ஹாப்ஸ் மிகுந்த கசப்பு. நான்காவது, காபி மணக்கும் கறுப்பு. அதில் காபி இல்லை. கருக வறுத்த பார்லிதான். ஆனால் எங்கள் பேச்சு வெள்ளை பீரிலேயே நின்றுவிட்டது. அதற்கு ஒரு கதை உண்டு என்றார் இளைஞர். ஊர் திரும்பியபின் நானும் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

ஹூகார்டன் பால்காரர்

பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் அந்தச் சிற்றூரில் முப்பதுக்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. பெரிய ஆலைகளின் சரக்குக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒவ்வொன்றாக மூடி, 1950-களின் பிற்பகுதியில் வெள்ளை பீர் காய்ச்சிய கடைசி ஆலையும் மூடப்பட்டது. அந்த ஊரில் பியேர் செலிஸ் என்ற பால்காரர் இருந்தார். இளம் வயதில் அந்த ஆலையில் கூடமாட வேலை செய்தவர். ஊரின் ருசி ஊரோடு போய்விட்டதே என்று ஆதங்கப்பட்டு, 1966-ல் தாமே சிறிய அளவில் காய்ச்சத் தொடங்கினார். பால் ஊற்றியவர் கைப்பக்குவம் நாடெங்கும் பேசப்பட்டது, ஆலை வளர்ந்தது.

1985-ல் ஆலை தீப்பற்றி எரிந்தது.

"இன்ஷூரன்ஸ் இல்லையா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"இருந்தது ஐயா. போதவில்லை."

மீண்டும் கட்ட ஸ்டெல்லா ஆர்ட்வா என்ற பெரிய ஆலையின் பணத்தை நாட வேண்டியதாயிற்று. பணத்தோடு பங்கும் போயிற்று. சில ஆண்டுகளில் செலிஸ் விலகினார். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1992-ல் புது ஆலை தொடங்கினார். அங்கும் 1995-ல் மில்லர் என்ற பெரிய நிறுவனம் பங்குதாரராக வந்தது. சில ஆண்டுகளில் அந்த ஆலையை மூடிவிட்டது. செலிஸ் 2011-ல் காலமானார். ஹூகார்டன் ஆலையையும் மூடி, உற்பத்தியை வேறு ஊருக்கு மாற்றப்போவதாக 2005-ல் அதன் உரிமையாளர்கள் அறிவித்தார்கள்; ஊர் மக்கள் எதிர்த்தார்கள்; 2007-ல் அந்த முடிவு கைவிடப்பட்டது. பால்காரர் மீட்டுக் கொடுத்த ருசி அந்த ஊரிலேயே தங்கியது. உரிமை மட்டும் அவரிடம் தங்கவில்லை.

நம் கணக்கு என்ன?

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. எனக்கு என் கிடங்குதான் நினைவுக்கு வந்தது. பாலிசி எடுத்தபோது சரக்கு பத்து லட்சம். அதே தொகைக்கே ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தேன். இப்போது கிடங்கில் நாற்பது லட்சத்துக்குச் சரக்கு. எட்டு லட்சம் சரக்கு எரிந்தால் எட்டும் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. நாற்பதில் பத்துக்குத்தான், அதாவது கால் பங்குக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறோம்; ஆகவே நட்டத்திலும் கால் பங்கு, இரண்டு லட்சம்தான் கிடைக்கும். ஆவரேஜ் என்று பாலிசியில் அச்சாகியிருக்கும் விதி இதுதான். நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்?

ஊர் திரும்பிய மறுநாள் சரக்கை எண்ணிக் கணக்கெடுத்து, தொகையை உயர்த்தினேன். கூடுதல் பிரீமியம் கட்டும்போது கை கூசத்தான் செய்தது. செலிஸை நினைத்துக்கொண்டு கட்டினேன்.

வணிக நண்பர்களே! மூட்டையைப் பிரித்துக் காட்டும் கடைக்காரரைத் தேடி வாடிக்கையாளர் வருவார். பெரிய கடை எதிரே வந்தாலும் நம் சரக்கின் தரமும் நாணயமும் நம்மைக் காப்பாற்றும். ஆனால் நெருப்புக்கு நம் நாணயம் தெரியாது. தீபாவளிச் சரக்கு இறங்குமுன் உங்கள் பாலிசியை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அண்ணாச்சி அன்றிரவே பெங்களூரிலிருந்து மகனுக்குப் போன் செய்து, "பாலிசியில் எவ்வளவு போட்டிருக்கிறோம், பார்த்துச் சொல்" என்றார்.