பீரோ சாவி யாருகிட்ட?

“லைப்ரரியன் வேலையா? ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம் சார்!” என்றார் ஆபீஸ் நண்பர். அவரை எங்க பொம்மையார்பாளையம் பக்கம் ஏதாவது பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு மாசம் உட்கார வைக்க எனக்கு ஆசை!

இங்கே முதல் எதிரி உப்புக்காற்று. பூட்டிய பீரோவில் புத்தகம் நமுத்துப் போய் பூஞ்சணம் பிடிக்கும். மிச்சத்தை ராமபாணப் பூச்சி கவனித்துக்கொள்ளும். ஆகவே அடிக்கடி திறந்து, காற்றாட விட்டு, தூசி தட்டணும். புதுப் புத்தகத்துக்கு நம்பர் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, பொருள்வாரியாக அடுக்கணும். கிழிந்ததை ஒட்டணும். கொடுத்ததைத் திரும்ப வாங்கணும். பல அரசுப் பள்ளிகளில் இதற்கென்று தனி ஆளே கிடையாது. தமிழய்யாவோ வேறொரு ஆசிரியரோ பாடம் நடத்தியது போக மிச்ச நேரத்தில் பார்க்கிறார்.

இதெல்லாம் பாதி வேலைதான். மீதியைச் சொன்னவர், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியார்! 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆரம்பத்தில் போரடித்து, பழைய வேலைக்கே திரும்பப் பார்த்தார். லண்டன் போய் நூலகப் படிப்பு படித்து வந்த பிறகு ஆளே மாறிவிட்டார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதியே, ‘புத்தகம் பயன்படுத்துவதற்கே’ என்பதுதான். அடுத்தது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற புத்தகம். அதாவது, வலை பின்னும் வீட்டுப் பையனுக்குத் திமிங்கிலம் பற்றிய புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையில் கொடுப்பது!

அப்புறம் ஏன் பல பீரோக்கள் திறப்பதில்லை?

“காணாமப் போனா என் சம்பளத்துல பிடிப்பாங்க தம்பி” என்றார் ஓர் ஆசிரியர். பாவம், அவர் பயம் அவருக்கு!

மத்திய அரசு நூலகங்களுக்கு இதற்கொரு வழி இருக்கிறது. 2017-ன் பொது நிதி விதிகளில் 215-வது விதி. ஒரு வருஷத்தில் எடுத்துப் படிக்கப்படும் 1,000 புத்தகங்களுக்கு 5 தொலைந்தால், நேர்மைக் குறைவோ அஜாக்கிரதையோ இல்லாதவரை, அது நியாயமான இழப்பு. அரிய புத்தகமோ, 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ளதோ போனால் கட்டாயம் விசாரணை உண்டு. இந்தத் தெம்பை நம்ம பள்ளிக்கூட வாத்தியாருக்கும் எழுத்தில் கொடுத்தால் என்ன? ஐந்து தொலையுமென்று பயந்து பூட்டினால், ஆயிரமும் பூச்சிக்குத்தானே போகிறது!

இளைஞர்களே, அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது படித்த பள்ளிக்கூடத்தை எட்டிப் பாருங்கள். ஹெட்மாஸ்டரிடம் சாவி யாருகிட்ட இருக்குன்னு கேளுங்க. ஒரு சனிக்கிழமை கூடவே உட்கார்ந்து பதிவேடு எழுதிக் கொடுங்க. டீ அவங்க வாங்கித் தருவாங்க!