ஒப்பந்தம் கையில், வேலை எங்கே?

பொறியியல் உதவி, திட்ட மேலாண்மை போன்ற சேவைகளை அமெரிக்கக் கடற்படை 'சீபோர்ட்' என்ற ஏற்பாட்டின் வழியே வாங்குகிறது. 2018 டிசம்பரில் அதன் புதிய சுற்றில் 1,800-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. ஆட்டோ ஸ்டாண்டில் இடம் கிடைப்பது வேறு, சவாரி கிடைப்பது வேறு. அந்த நிறுவனங்களுக்குக் கிடைத்தது இடம்தான்.

வரும் ஆண்டுகளில் என்ன வகை வேலை இருக்கும் என்பது அரசுத் துறைக்குத் தெரியும். எவ்வளவு, எப்போது என்பதுதான் தெரியாது. அதனால் தகுதியுள்ள பலரை முதலிலேயே தேர்ந்தெடுத்து, பொது நிபந்தனைகளை முடிவு செய்துவிடுகிறது. பிறகு தேவை எழும்போதெல்லாம் தனித்தனிப் பணி ஆணை. ஒவ்வொரு ஆணைக்கும் அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குள்ளேயே போட்டி. ஒருவரிடமே எல்லாம் போய்விட்டால் விலையும் தரமும் அவர் வைத்ததுதான் என்றாகிவிடும். அதைத் தடுக்கவே 1994இல் வந்த சட்டம், இத்தகைய ஒப்பந்தங்களைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு முன்னுரிமை தந்தது. ஒவ்வொரு ஆணைக்கும் அனைவருக்கும் நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்றும் சொன்னது. அவசரம், வேறு எவராலும் செய்ய முடியாத வேலை போன்ற சில விலக்குகள் உண்டு.

காண்ட்ராக்டர்கள் ஏமாறும் இடம் குறைந்தபட்ச உத்தரவாதம். அரசு கட்டாயம் வாங்கியே தீர வேண்டிய அளவு அது மட்டுமே. மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் அரசு ஊழியர்களுக்குப் பயண ஏற்பாடு செய்ய இதே வகை ஒப்பந்தம் பெற்ற ஒரு நிறுவனம், பெரிய வருமானத்தை எதிர்பார்த்தது. துறைகள் எதிர்பார்த்தபடி வரவில்லை. வழக்கு போட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த உத்தரவாதம் வெறும் 100 டாலர். அதற்கு மேல் அரசுக்குக் கடமை இல்லை என்று 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிப்பீடு என்று அரசு காட்டும் தொகை வாக்குறுதி ஆகாது.

போட்டிக்கான செலவும் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு ஆணைக்கும் முன்மொழிவு எழுத ஆள் வேண்டும், நாள் வேண்டும். தோற்றால் அந்தச் செலவை யாரும் திருப்பித் தருவதில்லை. சிறு நிறுவனங்களை இது வாட்டிவிடும். ஆகவே கையெழுத்துப் போடுமுன், இதே ஒப்பந்தத்தின் முந்தைய சுற்றில் எந்த அலுவலகங்கள், எவ்வளவுக்கு, யாருக்கு ஆணை கொடுத்தன என்று பார்த்துவிட வேண்டும். அரசு செலவு விவரங்களை வெளியிடும் 'யுஎஸ்ஏஸ்பெண்டிங்' தளத்தில் இதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.