அணுக்கருவை அளந்த காந்தம்

கண்ணுக்கும் நுண்நோக்கிக்கும் எட்டாத அணுக்கருவை அறிய வேண்டுமானால், அதன்மீது வேகமான துகள்களை ஏவி, எந்தெந்தக் கோணத்தில் எத்தனை துகள்கள் சிதறுகின்றன என்று எண்ணிப் பார்ப்பதே உபாயம் என்பதை ரதர்போர்டு 1911-ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார். ஆனால் அவர் நம்பிய ஆல்பா துகள் தானும் ஓர் அணுக்கருவே ஆதலால், அது மிக அருகே சென்றால் மின்விசையோடு கருவிசையும் புகுந்து கணக்கைக் குழப்பிவிடும். கருவிசைக்கு வசப்படாத எலெக்ட்ரானுக்கோ அந்தத் தோஷமில்லை. அதன் அலைநீளம் கருவின் அளவை நெருங்கும்வரை அதற்குச் சக்தியூட்ட வேண்டும், அவ்வளவே.

1950-களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ராபர்ட் ஹாப்ஸ்டாட்டர் இதைச் சாதித்தார். நேர்கோட்டு முடுக்கியிலிருந்து ஏறத்தாழ 18.7 கோடி எலெக்ட்ரான் வோல்ட் சக்தியோடு வந்த கற்றையை மெல்லிய கரித்தகட்டில் பாய்ச்சியபோது, சிதறியவை எல்லாம் ஒரே ஜாதியாக இல்லை. கருவின் உள்நிலையைச் சற்றும் கலைக்காமல், அது பின்னோக்கி நகரக் கொடுத்த சக்தியை மட்டும் இழந்தவை சில. கருவைக் கிளர்ச்சியுறச் செய்து, அதற்கு மேலும் 44.3 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டையோ, இன்னும் அதிகத்தையோ பறிகொடுத்தவை வேறு சில. முன்னதே மீள்சிதறல், கருவின் வடிவத்தை அறிய வேண்டுவதும் அதுவே.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிய காந்தமே இப்பரிசோதனையின் ஜீவன் என்பது என் அபிப்பிராயம். சிதறிய எலெக்ட்ரான்களை அது அரைவட்டமாக வளைக்கும். சக்தி மிகுந்தது பெரிய வட்டத்திலும், குறைந்தது சிறிய வட்டத்திலும் செல்லுமாதலால், காந்தத்தின் வலிமைக்கேற்ற சக்தியுடையவை மட்டுமே முடிவிலுள்ள இடுக்கைக் கடந்து உணர்கருவியை அடையும். வலிமையைப் படிப்படியாக மாற்றி எண்ணினால், மீள்சிதறல் தனிச் சிகரமாக எழுந்து நிற்கும். டன் கணக்கில் எடையுள்ள இக்காந்தத்தை இலக்கைச் சுற்றிக் கோணம் கோணமாகத் திருப்புவதற்குக் கடற்படையின் பீரங்கிப் பீடமொன்று பயன்பட்டது என்பதை நினைக்க மனம் பூரிக்கிறது.

கரு ஒரு வெறும் புள்ளியாக இருந்தால் ஒவ்வொரு கோணத்திலும் இத்தனை எலெக்ட்ரான்கள் வர வேண்டும் என்று கணித்து, அதைவிட எவ்வளவு குறைந்தன என்று பார்த்தார்கள். கனமான கருக்கள் கோலிக்குண்டைப்போல் திட்டமான விளிம்புடையவை அல்ல, அவற்றின் மின்னேற்றம் ஓரத்தில் சிறிது சிறிதாகத் தேய்ந்து மறைகிறது என்பது அதனால் புலனாயிற்று. புரோட்டானும் புள்ளியன்று, ஒரு சென்டிமீட்டரைப் பத்து லட்சம் கோடிக் கூறுகளாக்கினால், அதன் ஆரம் ஒரு கூறுக்குச் சற்றுக் குறைவு. இந்த ஆராய்ச்சிக்காக 1961-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசில் பாதி ஹாப்ஸ்டாட்டருக்கு வழங்கப்பட்டது.